வில்லனுக்கு பவர் குடுத்தாச்சு, அதுக்கு அவன் குடுத்த விலைய எப்படி காட்டறது?

அரைகுறை_டெவ்:
நானும் ஃப்ரெண்டும் சேர்ந்து சின்னதா ஒரு ஆக்‌ஷன் ஆர்பிஜி (ஆட ஆட நம்ம ஆளோட லெவல் ஏறற மாதிரி கேம்) பண்ணிட்டு இருக்கோம். வில்லனுக்கு இன்னும் பேர் வெக்கல, தளபதின்னு மட்டும் கூப்பிடறோம். முற்றுகைல கோட்டைக்குள்ள மாட்டிக்கறான், கூட இருக்கற ஆளுங்கள காப்பாத்த வேற வழியே இல்லாம மலைக்குள்ள கெடக்கற ஏதோ ஒரு பழைய சக்திகிட்ட போய் கையேந்தறான், அதுவும் குடுத்துடுது, முற்றுகைய உடைக்கறான், ஆனா அதுக்கப்புறம் அவனால நிறுத்த முடியல. இதான் கதை.

பிரச்சனை என்னன்னா அந்த சக்திக்கு அவன் என்ன விலை குடுத்தான்ங்கறது உறைக்கவே மாட்டேங்குது. இப்போதைக்கு கண்ணு செவக்குது, கைல கருப்பு நரம்பு ஏறுது, ஒவ்வொரு தடவை பவர் யூஸ் பண்ணும்போதும் ஒரு ஞாபகம் அழியுது. விளையாடிப் பாத்தவன் ஒருத்தன் "ஓ, இன்னொரு கருப்பு நரம்பா"ன்னு சொல்லிட்டு சீன ஸ்கிப் பண்ணிட்டான். கடைசி ஃபைட்டுக்கு முன்னாடி தளபதி நாலு நிமிஷம் நின்னு தன் சோகத்த தானே பேசுவான், அத எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்துச்சு. நல்லா பண்ணின கேம் எது, எதனால அது வேலை செஞ்சுதுன்னு சொல்லுங்க.

பழைய_சிடி:
ஆர்தஸ விட்டுட்டு இத பேச முடியாது. 2002ல வந்த வார்கிராஃப்ட் 3 கேம்ல வர்ற இளவரசன், நாட்ட காப்பாத்தப் போய் வில்லனா ஆயிடறவன். எல்லாரும் ஃப்ராஸ்ட்மோர்ன் வாள் அவன் ஆத்மாவ எடுத்துடுச்சு, அதான் விலைன்னு சொல்லுவாங்க, அது சரிதான், ஆனா எனக்கு அதுக்கு முன்னாடி நடக்கற ஒரு சின்ன விஷயம்தான் முக்கியம். வாள் பக்கத்துல போனதும் கூட வந்த முராடின் அங்க எழுதியிருக்கறத படிச்சுட்டு, இது சாபம்டா வேணாம்ங்கற மாதிரி தடுப்பான். என் நாட்ட காப்பாத்த எந்த சாபம்னாலும் நான் சந்தோஷமா சுமப்பேன்னு ஆர்தஸ் சொல்வான். இத கவனிங்க, அவன் என்ன நெனச்சு ஒத்துக்கறான்? விலை தன் தலைல விழும்னு. தியாகம் பண்றதா நெனச்சுக்கறான். பனிக்கட்டி ஒடஞ்சு மொதல்ல விழறது முராடின் மேல. இவன் வாள எடுத்துக்கறான், சுத்தியல தூக்கிப் போடறான், கீழ கெடக்கறவன திரும்பிப் பாக்காம நடக்கறான். அப்புறம் ஊருக்கு வந்து அப்பாவையே கொல்றான். கையெழுத்து போட்டது இவன், பில்லு போனது மத்தவங்க வீட்டுக்கு.

இன்னொன்னு, அதுக்கு முன்னாடியே ஸ்ட்ராத்தோம் மிஷன்ல ஊர் ஜனங்க 100 பேர மால்கானிஸ்ங்கற அசுரனுக்கு முந்தி நாமளே கொல்லணும். மௌஸ் நம்ம கைல. அந்த மிஷன் ஆடும்போது கணக்க பாத்து "சீக்கிரம் சீக்கிரம், அவன் முந்தறான்"னு பதறினேன், ஜெயிச்சப்புறம்தான் எத எண்ணிட்டு இருந்தோம்னே உறைச்சுது. சாபவாள் எதுவும் இல்லாமயே.

2003ல அதுக்கு கூடுதல் பாகமா வந்த ஃப்ரோசன் த்ரோன்ல இன்னும் அழகு. அந்த வாளுக்குப் பின்னாடி இருந்து ஆர்தஸுக்கு சக்தி குடுக்கற லிச் கிங் பலவீனமாக பலவீனமாக ஆர்தஸோட லெவல் 10லேர்ந்து எறங்கிட்டே போகும். ஆர்பிஜில லெவல் ஏறும், எறங்காது, அதான நம்ம பழக்கம். சக்தி தன்னோடது இல்ல, கடன்னு ஒரு வசனம் இல்லாம காட்டிட்டாங்க. உங்க நாலு நிமிஷ பேச்ச தூக்கி குப்பைல போடுங்க ப்ரோ.

கொக்கி_குமாரி:
ஞாபகம் அழியறது வேணாம், எல்லாரும் அதையேதான் பண்றாங்க. அழிஞ்சுது சரி, அதனால என்ன ஆச்சு?

அப்புறம் ஒரு வித்தியாசம் சொல்றேன். நம்ம புராணக் கதைல வரம் வாங்கற அசுரனுக்கு வரத்துல ஒரு ஓட்டை இருக்கும். இரணியன் மனுஷனாலயும் சாவு கூடாது மிருகத்தாலயும் கூடாதுன்னு பக்காவா வாங்கினான், நடுவுல சந்து இருந்துச்சு, மாட்டினான். ஆனா அது ஓட்டை, விலை இல்ல. அந்த வரத்துக்காக அவன் உள்ளுக்குள்ள எதையும் இழக்கல. வில்லனோட வீக்னெஸ்ஸ காட்டிட்டு விலைய காட்டிட்டோம்னு நெறைய கேம் நெனச்சுக்குது. உங்க தளபதிக்கும் நெஞ்சுல ஒளிர்ற ஒரு இடம் இருக்கும், அத அடிச்சா சாவான், சரியா? :)

விலைன்னா ரெசிடெண்ட் ஈவில் 2 கேம்ல வர்ற விஞ்ஞானி பர்க்கின். சுடப்பட்டு சாகக் கெடக்கும்போது தான் உருவாக்கின ஜி வைரஸ தானே ஏத்திக்கறான். பொழைக்கறான். ஆனா அந்த வைரஸ் இனப்பெருக்கத்துக்கு மரபணு ஒத்துப்போற ஒடம்ப தேடும், அதனால அந்த ஜந்து தொரத்தறது அவன் பொண்ணு ஷெரிய. அப்பா பொண்ண தேடி வர்றான்ங்கறது பாசம் மாதிரியே இருக்கு, உள்ள பாசம் மட்டும் இல்ல. தோளுல அந்த பெரிய கண்ணு அசிங்கமா இருக்கேன்னு பயந்தத விட இது புரிஞ்சப்போதான் எனக்கு வயித்த பெசஞ்சுது.

பாதி_ராத்திரி_பாஸ்:
எல்லாம் போயிடணும்னு ஏன் நெனைக்கறீங்க? எல்டன் ரிங் கேம்ல நாம சண்டை போடற ராடான பாருங்க. மலை மாதிரி ஆளு, கீழ நோஞ்சான் குதிரை. மொத தடவை பாத்து சிரிச்சேன். அவன் புவியீர்ப்பு மந்திரம் கத்துக்கிட்டதே தான் பெருசானப்புறமும் அந்த குதிரைய விடக்கூடாதுன்னுதான்னு ஐட்டம் விவரத்துல படிச்சதும் சிரிப்பு நின்னுடுச்சு. புத்தி போயிடுச்சு, செத்தவங்கள பொறுக்கி தின்னுட்டு அலையறான், சொந்த ஆளு எதிரி ஆளுன்னு வித்தியாசமே இல்ல. ஆனா குதிரை மேல பாரம் ஏத்தல.

கொக்கி_குமாரி:
ராடான் புத்தி போனது அவன்கூட சண்டை போட்ட மலேனியாவோட அழுகல் நோயால, அவன் மந்திரத்துக்கு குடுத்த விலை இல்ல அது. கணக்குல சேராது.

பாதி_ராத்திரி_பாஸ்:
சரி வாத்தியாரம்மா. ஆனாலும் குதிரை குதிரைதான்.

ஸ்டாமினா_சீரோ:
அரைகுறை, உங்க கதைலயே பதில் இருக்கு, முற்றுகைன்னு சொன்னீங்கல்ல. முற்றுகைல ஆளுங்கள கொல்றது கத்தி இல்ல, பசியும் தூக்கமில்லாததும். அப்போ அந்த மலைச்சக்தி குடுக்கறது நெருப்போ மின்னலோ வேணாம், இனிமே பசிக்காது, களைப்பு வராது, தூக்கம் தேவையில்ல. அவ்ளோதான். கேக்கறதுக்கு விலையே இல்லாத மாதிரி இருக்கா? அதுதான் வேணும்.

இத ஃப்ளாஷ்பேக்ல ப்ளேயர் கைலயே குடுங்க. மொத பாதில தளபதியா ஆடறோம், ஸ்டாமினா பார் (எவ்ளோ தெம்பு மிச்சம்னு காட்டற கோடு) இருக்கு, ரெண்டு அடி அடிச்சா மூச்சு வாங்குது, நின்னு நின்னு போறோம், கூட வர்ற ஆறு வீரனும் அதே வேகத்துல வர்றான், நிக்கும்போது ஏதாவது பேசறான். சக்தி வாங்கினதும் ஸ்க்ரீன்லேர்ந்து அந்த பார் காணாம போயிடணும். அறிவிப்பு எதுவும் வேணாம். ப்ளேயருக்கு குஷி, பின்ன எவனுக்கு ஸ்டாமினா பார் புடிக்கும்? ஓட ஆரம்பிப்பான். நிக்க வேண்டியதில்ல, அதனால அந்த பேச்சும் நின்னுடும். கூட வர்றவனுங்களுக்கு ஸ்டாமினா அப்படியே இருக்கு, ஆனா அத காட்டற பார் இப்போ நம்மகிட்ட இல்ல. ஒருத்தன் பின்தங்குவான். அப்புறம் இன்னொருத்தன். கோட்டை வாசல் போய் திரும்பிப் பாத்தா ரெண்டு பேர்தான் நிப்பான். தளபதி வாயில ஒரே ஒரு கேள்வி: "மத்தவங்க ஏன் நின்னுட்டாங்க?" கோவம் கூட இல்ல, நெஜமாவே புரியாம கேக்கணும். களைப்புன்னா என்னன்னு தெரியற அந்த எடம்தான் அவன்கிட்ட இல்லையே இப்போ.

அப்புறம் நிகழ்காலத்துல ஹீரோ அவன் கோட்டைக்குள்ள போகும்போது சமையலறைய கடந்து போகட்டும். அடுப்புல சாம்பல் கூட பழசு. பக்கத்து கூடத்துல வீரனுங்க கவசத்தோட வரிசையா உக்காந்த வாக்குல காஞ்சு கெடக்கானுங்க, எவன் ஒடம்புலயும் வெட்டுக்காயம் இல்ல. துரோகி இல்ல, தண்டனை இல்ல, சாப்பாடு போடணும்னு ஒருத்தனுக்கு தோணல, அவ்ளோதான். ஆளுங்கள காப்பாத்தணும்னு போனவன்.

இந்த யோசனை எனக்கு வந்தது அண்டர்டேல் கேம்ல ஃப்ளவிங்கற பூ பேசறத கேட்டப்புறம். சேவ் பண்ணி திரும்ப ஆடற சக்தி கெடைச்சதும் அவன் மொதல்ல எல்லார்கிட்டயும் நல்லவனாதான் இருந்தான், எல்லார் பிரச்சனையும் தீத்து வெச்சான், கொஞ்ச நாள்ல யார் என்ன பேசுவாங்கன்னு மனப்பாடம், அப்புறம் கொன்னா என்ன சொல்லுவாங்கன்னு பாக்கலாமேன்னு ஆரம்பிச்சான். எல்லாரையும் கொல்ற வழில ஆடிட்டு இருந்த நானும் அதுக்குத்தான ஆடிட்டு இருந்தேன், என்ன ஆகும்னு பாக்க.

பழைய_சிடி:
மேல சொன்னது செம. பார் காணாம போனத கவனிக்காதவன் இருப்பான், அதுக்காக ஒரு டுட்டோரியல் பாக்ஸ் போட்டு கெடுத்துடாதீங்க.

அரைகுறை_டெவ்:
நெஞ்சுல ஒளிர்ற இடம் இருக்குங்க, ஒத்துக்கறேன், இன்னைக்கே எடுத்துடறேன். கருப்பு நரம்பு வரைஞ்சது என் ஃப்ரெண்ட், மூணு வாரம் ஒக்காந்து வரைஞ்சான், அவன்கிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல.

ஸ்டாமினா, ஒரு சந்தேகம். நேத்து ராத்திரி அந்த ஓட்டத்த சும்மா டப்பா டப்பாவா வெச்சு ட்ரை பண்ணினேன். ஃப்ரெண்ட் ஆடினான். நேரா வாசலுக்கு ஓடிட்டான், திரும்பிப் பாக்கவே இல்ல, "எங்கடா ஆளுங்க, ஏஐ கோளாறா?"ன்னு கேட்டான். அந்த கேள்வியையே தளபதி வசனமா வெச்சுடலாமான்னு தோணுது. ஆனா பின்தங்கறவன் கூப்பிடணுமா வேணாமா? பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டா ப்ளேயர் நின்னுடுவான்னு பயமா இருக்கு.

ஸ்டாமினா_சீரோ:
கூப்பிடட்டும். நிக்கறவன் நிக்கட்டும், போய் பக்கத்துல உக்காரவும் விடுங்க. உக்கார்ற பட்டன் மட்டும் இனிமே வேலை செய்யக்கூடாது.