‘இட் கேர்ள்’: கவர்ச்சிக்கன்னி வேண்டாமே

நண்பர்களே,

மௌனப்பட நடிகை கிளாரா போவின் ‘இட் கேர்ள்’ என்ற பட்டப்பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை வந்த சொற்களில் ‘கவர்ச்சிக்கன்னி’யை முதலில் கழித்துவிடலாம். சினிமாப் பத்திரிகைகள் அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டன. ‘வசீகரி’ பரவாயில்லை, ஆனால் உள்ளே வசியம் ஒளிந்திருக்கிறது. வசியம் வைப்பவருக்கு எதிராள் மயங்கியாக வேண்டும். அந்த ‘இட்’டுக்குப் பொருள் வகுத்த ஆங்கில எழுத்தாளர் எலினோர் கிளின் சொன்னது இதற்கு நேர்மாறு.

1907இல் வந்த நாவலில் கதாநாயகியைப் புலித்தோல்மேல் கிடத்தி இங்கிலாந்தை முகம் சுளிக்க வைத்தவர் அவர். 1920இல் ஹாலிவுட் போனபோது வயது 50ஐத் தாண்டிவிட்டது. குளோரியா சுவான்சனும் வாலன்டினோவும் காதலித்த மௌனப்படம்கூட அவர் கதைதான். 1927இல் காஸ்மோபாலிட்டன் இதழில் ‘இட்’ என்ற கதையை எழுதினார். அதில் அவர் வகுத்த இலக்கணம் இது: உடலில் ஈர்ப்பு வேண்டும், அழகு கட்டாயமில்லை. தன்னைப் பார்த்துப் பிறர் என்ன ஆகிறார்கள் என்ற நினைப்பே இருக்கக்கூடாது. பூனையைப் போல! இது ஆணுக்கும் உண்டு. அதே ஆண்டு பாரமவுண்ட் அவர் கதையை விட்டுவிட்டுத் தலைப்பையும் இந்தக் கருத்தையும் மட்டும் எடுத்துப் படமாக்கியது. கடையில் வேலை பார்க்கும் பெண்ணாக கிளாரா போ. நடுவில் கிளினே திரையில் தோன்றி ‘இட்’ என்றால் என்னவென்று விளக்குகிறார்.

‘அணங்கு’ சொன்னவருக்கு என் வணக்கம். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று குறளே தடுமாறுகிறதே! ஆனால் அணங்கு என்றால் ஆளை வருத்தும் தெய்வப்பெண்; கடையில் வேலை பார்க்கும் பெண்ணை அணங்காக்கினால் படமே மாறிப்போகும். ஆணுக்கும் பொருந்தாது.

என் பரிந்துரை: இட் = ‘அது’, இட் கேர்ள் = அதுக்காரி. கெட்டிக்காரி மாதிரி.

—

ஐயா, ‘அது’ கொஞ்சம் விரசமாகத் தொனிக்கிறதே? ‘ஏதோவொன்று’ போதாதா? ‘அவளிடம் ஏதோ ஒன்று இருக்கிறது’ என்றுதானே பேசுகிறோம்.

—

அம்மா, அந்த விரசம் ஆங்கிலத்திலும் இருக்கிறது, அதனால்தான் அந்தச் சொல் அப்படிப் பரவியது. கிளினுக்கு முன்பே, 1904இல், கிப்ளிங் ஒரு கதையில் இதே பொருளில் இதே சொல்லைத்தான் போட்டார். பெயர் வைக்க முடியாததைச் சுட்டிக்காட்டுவதோடு விடுகிற சொல் அது. ‘ஏதோவொன்று’ விளக்கத்துக்கு நல்லது, பட்டப்பெயருக்கு நீளம். ‘ஏதோவொன்றுக்காரி’ என்று சொல்லிப் பாருங்கள்.

ஆணுக்கு ‘அதுக்காரன்’ சரி. மரியாதைப் பன்மைதான் இடிக்கிறது. ‘அதுக்காரர்’ என்றால் வாசலில் யாரோ கடன் கேட்டு வந்து நிற்பதுபோல இருக்கிறது.