மாரி மழையில் ஐசிங் பிஸ்கட் காயுமா?

கல்லடி மருமகள்:
இம்முறை நத்தாருக்கு கேக்கோடு, நட்சத்திரம், மணி வடிவங்களில் பிஸ்கட் வெட்டி, ஐசிங் போட்டு அயலுக்குக் கொடுக்கவும், காலையில் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கோப்பியோடு வைக்கவும் ஆசை. மட்டக்களப்பு மார்கழி தெரியும்தானே, துணியே காயாது, ஐசிங் எங்கே காயப்போகிறது? அதோடு பக்கத்து வீட்டு அன்ரி திருவெம்பாவை விரதம், முட்டை தொடமாட்டா. எதிர்வீடு முஸ்லிம் குடும்பம். ஆளுக்கொரு விதமாகப் பிரித்துச் செய்ய எனக்கு மனமில்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே தட்டுத்தான் போக வேண்டும். வழி சொல்லுங்கள்.

புளியந்தீவு அக்கா:
தங்கச்சி, பிஸ்கட்டுக்கு முட்டை தேவையே இல்லை. சீனி 100 கிராம், பட்டர் 200, கோதுமை மா 300, ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். சீனியை அரைத்துப் போடுங்கள். குழைத்த மாவை அரை மணித்தியாலம் ஃபிரிஜ்ஜில் வைத்து வெட்டினால்தான் நட்சத்திரத்தின் முனை அவன் (oven) அடுப்புக்குள் உருகிப் பரவாது. 170 பாகையில் ஓரம் இலேசாகச் சிவக்கும்வரை விடுங்கள். ஐசிங்கில்தான் வழக்கமாக முட்டை வெள்ளைக்கரு வரும், அதற்குப் பதிலாக ஒரு கப் ஐசிங் சீனிக்கு ஒரு மேசைக்கரண்டிப் பால், சில துளி தேசிக்காய்ப் புளி. கத்தியால் கோடு கீறினால் ஒன்றிலிருந்து பத்து எண்ணுவதற்குள் கோடு மறைய வேண்டும், அதுதான் பதம். பளபளப்புக்குக் குளுக்கோஸ் பாகு விடச் சொல்வார்கள், அது ஈரத்தை இழுக்கும், இந்த மழைக்கு வேண்டவே வேண்டாம். மெல்லிசாகப் பூசுங்கள்.

காத்தான்குடி உம்மா:
எங்களையும் நினைத்துக் கேட்டதற்குச் சந்தோசம் மகள். வனிலா எசன்ஸ் போத்தலில் அல்கஹோல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஏலக்காய் போடுங்கள், வாசமும் நல்லாயிருக்கும். மேலே தூவுகிற மணிகள் சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது மிருகத்திலிருந்து எடுப்பது. சிவப்பு நிறத்தில் கார்மைன் என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுப்பது, விரதக்காரருக்கும் ஆகாது. இங்கே நத்தார்த் தட்டு வந்தால் வெறுந்தட்டாகத் திரும்பாது, பெருநாளுக்கு எங்கள் வட்டிலப்பம் உங்கள் பக்கம் வரும்.

அக்கரைப்பற்றுத் தம்பி:
காயவைக்கிற விசயம். பிஸ்கட்டை முன்கூட்டியே சுட்டு, நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத ரின்னில் போட்டுவிடுங்கள், ஐசிங்கை 23ஆம் திகதி பூசினால் போதும். யன்னலைச் சாத்தி, தட்டைப் பரப்பி, ஃபேனை நேரே திருப்பி இரவு முழுக்க விடுங்கள். கரண்ட் போனால், அப்போதுதான் ஏதாவது சுட்டு நிறுத்திய அவன் அடுப்பின் இளஞ்சூட்டில், கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஃபிரிஜ்ஜில் மட்டும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்து நிறமெல்லாம் ஓடிவிடும். அடுக்கும்போது இடையில் எண்ணெய்த்தாள்.

அப்புறம் கோப்பி. ஐசிங்கே சீனிதான், அதனால் கோப்பிக்குச் சீனியைப் பாதியாகக் குறையுங்கள். கோப்பிக் கொட்டையோடு மல்லியும் சுக்கும் வறுத்து இடித்த தூள் என்றால் அந்த இனிப்புக்கு நல்ல எடுப்பு, மழைக் குளிருக்கும் சுகம்.

கல்லடி மருமகள்:
மூன்று பேருக்கும் நன்றி. ஏலக்காய்தான் போடப்போகிறேன். பட்டர் விலைக்குப் பாதி மாஜரின் கலக்கலாமா அக்கா?

புளியந்தீவு அக்கா:
கலக்கலாம். ஆனால் மாஜரினில் உப்பு இருக்கும், நான் சொன்ன சிட்டிகை உப்பை விட்டுவிடுங்கள்.