பன்னீர் திராட்சையில் இயற்கை ஒயின்: தொண்டாமுத்தூர்ப் பக்கம் எடுபடுமா?

பந்தல்காரர்:
2019 கணக்குப்படி உலகத்தில் சான்று பெற்ற இயற்கை (ஆர்கானிக்) திராட்சைத் தோட்டம் நாலரை லட்சம் எக்டேருங்க. அதில் முக்கால் பங்கு ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி கையில. இயற்கை ஒயினைத் தேடி வாங்குறவங்க கூடிக்கிட்டே வர்றாங்க. நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் நரசீபுரம், தொண்டாமுத்தூரில் பன்னீர் போட்டவங்க மூணு வருசம் பொறுத்துச் சான்று வாங்கிட்டா, பழத்தை ஒயினரிக்கே (ஒயின் ஆலைக்கே) நேரா கொடுக்கலாம். தாராளமா இறங்கலாம்ங்கிறேன்.

மருந்துக்கணக்கு:
அண்ணா, இலையில் வர்ற அடிச்சாம்பல் பூஞ்சை நோயைச் சொல்லாம விட்டுட்டீங்களே. அதுக்கு அடிக்கிற போர்டோ கலவை, அதான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது, ஒரு சதவீதம்னா 100 லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம். அதில் தாமிரம் மட்டும் 250 கிராம். ஏக்கருக்கு 400 லிட்டர் அடிச்சா ஒரு கிலோ தாமிரம் மண்ணுக்குப் போகுது. ஐரோப்பாவில் எக்டேருக்கு 7 வருசத்துக்கு 28 கிலோ தாமிரம்தான் அனுமதி. நம்ம கணக்கில் ஏக்கருக்கு வருசம் 1.6 கிலோ. வருசத்துக்கு ரெண்டு கவாத்து, ரெண்டு காய்ப்பு. ரெண்டாவது தெளிப்பிலேயே கணக்கு தாண்டிருமுங்க. அதோட கவாத்துக்கு அப்புறம் கண்ணு ஒரே சீரா வெடிக்கத் தடவுற ஹைட்ரஜன் சயனமைடும் இயற்கை முறையில் ஆகாது.

பந்தல்காரர்:
அரை சதவீதமா அடிங்க தம்பி, மூணு தடவை வரும். தாமிரம் காப்பாத்துமே ஒழிய வந்த நோயைத் தீர்க்காது. இலை மேல எண்ணெய்ப் பொட்டு மாதிரி மஞ்சள் தெரிஞ்சு, திருப்பினா அடியில் வெள்ளைப் பூஞ்சை இருந்தா அதுக்கு மேல அடிச்சுப் பிரயோசனமில்லை. மழைக்கு முன்னாடியே அடிக்கணும். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊத்தணும், மாத்தி ஊத்தக் கூடாது. பிளாஸ்டிக் டிரம்தான், இரும்பு வேண்டாம். பளபளன்னு தேய்ச்ச கத்தியை ஒரு நிமிசம் முக்கி எடுங்க. செம்பு நிறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தலை, அப்படியே அடிச்சா தளிர் கருகும். கலக்கின அன்னைக்கே அடிச்சு முடிச்சிரணும். கொத்தைச் சுத்தி இலையைக் கிள்ளிக் காத்து விட்டா பாதி நோய் வராது. கண்ணு முன்னப்பின்ன வெடிக்கும், அதை நான் மறுக்கலை. அறுப்பை ரெண்டு தடவையா பிரிக்கணும், அதுக்குக் கூலி கூடும்.

நொதிகலம்:
தோட்டத்தில் ஜெயிச்சாலும் தொட்டியில் தோக்குற விசயம் ஒண்ணு இருக்குங்க. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் அடிப்பீங்க. அறுப்புக்கு அஞ்சு வாரம் முன்னாடியே அதை நிறுத்தணும். தோலில் ஒட்டினது சாறோட தொட்டிக்குப் போனா ஈஸ்ட் அதை ஹைட்ரஜன் சல்பைடா மாத்திரும், அழுகின முட்டை நாத்தம் வரும்.

அடுத்தது சர்க்கரை. பிரிக்ஸ்னா சாறில் இருக்கிற சர்க்கரை அளவு. பன்னீர் 17 பிரிக்ஸில் பறிச்சா 0.55-ஆல் பெருக்கிப் பாருங்க, ஆல்கஹால் 9 சதவீதத்தைச் சொச்சமா தாண்டும். 12 வேணும்னா 22 பிரிக்ஸ் வரணும். வெயில் காலத்தில் அவ்வளவு நாள் கொடியில் விட்டா புளிப்பு இறங்கி பி.எச். 3.8-க்கு ஏறிரும். ஒயின் கெடாம இருக்கச் சேர்க்கிற சல்பர் டை ஆக்சைடில், வேற எதோடயும் சேராம தனியா நிக்கிற 'கட்டில்லாத' பங்குதான் வேலை செய்யும். பி.எச். 3.4-ல் அது லிட்டருக்கு 30 மில்லிகிராம் செய்யுற வேலைக்கு 3.8-ல் 80 வேணும். ஐரோப்பிய இயற்கைச் சிவப்பு ஒயினுக்கு மொத்தமே லிட்டருக்கு 100 மில்லிகிராம்தான், அதுவும் கட்டினது, கட்டாதது எல்லாம் சேர்த்து. அமெரிக்காவில் 'இயற்கை ஒயின்'னு எழுதணும்னா வெளியிலிருந்து சல்பைட் சேர்க்கவே கூடாது. அளவைக் குறைச்சு கோயமுத்தூர் வெயிலில் வெச்சா காடிதான்.

பந்தல்காரர்:
டார்டாரிக் அமிலம் சேர்த்தா பி.எச். இறங்குமே, அது இயற்கை முறையிலும் அனுமதிதானுங்க. கொடிக்குக் கொத்தைக் குறைச்சா சர்க்கரையும் ஏறும்.

மருந்துக்கணக்கு:
கொத்தைக் குறைச்சா மகசூல் குறையும். அந்த நட்டத்தை மூணு வருசம் சாதா விலையில் வித்துக்கிட்டே யார் சுமக்குறது? உள்ளூரிலேயே வித்துக்கலாம்னும் நினைக்காதீங்க. 1937-ஆம் வருச மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாம வீட்டிலகூட ஒயின் போட முடியாது. சில்லறைக் கடை 2003-லிருந்து டாஸ்மாக் கையில.

நொதிகலம்:
அண்ணா சொன்ன அமிலம் சரி, ஆனா அளவா. லிட்டருக்கு ஒரு கிராம் போட்டா பி.எச். ஏறத்தாழ 0.1 இறங்கும். 3.8-லிருந்து 3.4-க்குக் கொண்டுவர 4 கிராம் போட்டா வாயில் கூசும். அதனால இறங்குறதுக்கு முன்னாடி இந்த வருசக் காய்ப்பிலேயே பாருங்க. பந்தலோட நாலு மூலையிலும் நடுவிலும், கொத்தின் மேலயும் நுனியிலயும் கலந்து 100 மணி பறிச்சு நசுக்கி வடிகட்டி, பிரிக்ஸும் பி.எச்.சும் எடுத்து எழுதுங்க. வாரம் ஒருக்கா, மூணு வாரம். 20 பிரிக்ஸ் தொடுறப்ப பி.எச். 3.6-க்குள்ள நின்னா ஒயினரிகிட்டப் பேசலாம். தாண்டிருச்சுன்னா அந்தப் பழத்தை ஜூஸுக்கே சான்றோட கொடுங்க.