சி. எல். ஆர். ஜேம்ஸ்: வரலாறும் நாடகமும் கிரிக்கெட்டும் ஒரே மனிதரின் தனித்தனி ஆர்வங்களா?

நூலகவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிரினிடாடில் பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் (1901–1989) எழுதி 1938இல் லண்டனில் வெளிவந்த 'பிளாக் ஜேக்கபின்ஸ்' நூலை அண்மையில் படித்து முடித்தேன். சான் டொமாங்க் என்னும் பிரெஞ்சுக் காலனியில் 1791இல் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்துக் கிளர்ந்தெழுந்த அடிமைகள், பிரெஞ்சு, ஸ்பானிய, ஆங்கிலப் படைகளை எதிர்த்து நின்று, 1804இல் ஹெய்ட்டி என்ற விடுதலை பெற்ற நாட்டை அமைத்த வரலாறு அது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத, அக்காலத்தில் எந்த ஆய்வு நிறுவனத்தையும் சாராத ஒருவர் பாரிஸ் ஆவணக்காப்பகங்களில் அமர்ந்து இதை எழுதினார் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

அவருடைய பிற நூல்களின் பட்டியலைப் பார்த்தபோது வியப்பு ஐயமாக மாறியது. ஒரு நாவல், ஒரு நாடகம், சிறுகதைகள், நாளிதழ்களுக்கு எழுதிய கிரிக்கெட் செய்திகள், அமெரிக்க நாவலாசிரியர் மெல்வில்லைப் பற்றிய ஆய்வு, கம்யூனிஸ்ட் அகிலத்தின் வரலாறு, எண்ணற்ற அரசியல் துண்டறிக்கைகள் என்று அப்பட்டியல் நீள்கிறது. இவற்றையெல்லாம் ஒருவருடைய பல்துறைத் திறமை என்று பாராட்டிவிட்டுக் கடந்து செல்வது எளிது. நான் அறிய விரும்புவது வேறு. இத்தனை திசைகளில் சென்றது அவருடைய வரலாற்றெழுத்துக்கு உரமாக அமைந்ததா, அல்லது ஒரு பெரிய வரலாற்றாசிரியரிடமிருந்து நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய நூல்களைக் கிடைக்காமல் செய்துவிட்டதா? அவரை ஆழ்ந்து படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அரங்கமேடை எழுதியது:

நூலகவாசி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் படித்த நூலைப் பொறுத்தவரை, நாடகம் முன்னர் வந்தது. வரலாறு பின்னர் வந்தது. இந்த வரிசையை மனத்தில் கொண்டால் உங்கள் ஐயத்தில் பாதி தீர்ந்துவிடும் என்று கருதுகிறேன்.

அடிமைகளின் படைத்தலைவரான டூசான் லூவெர்த்யூரை நாயகனாகக் கொண்டு ஜேம்ஸ் எழுதிய நாடகம் 1936 மார்ச்சில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரங்கில் மேடையேறியது. பாடகரும் நடிகருமான பால் ராப்சன் டூசானாக நடித்தார். முசோலினியின் படைகள் அபிசீனியாவுக்குள் (இன்றைய எத்தியோப்பியா) புகுந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. லண்டனில் அபிசீனியாவுக்கு ஆதரவு திரட்டிய ஆப்பிரிக்க, கரீபியச் செயல்பாட்டாளர்களில் ஜேம்ஸும் முன்னணியில் இருந்தார். ஆகவே ஐரோப்பியப் படையெடுப்பை முறியடித்த கறுப்பினத் தளபதி ஒருவர் மேடையில் பேசியதை அன்றைய பார்வையாளர்கள் பழங்கதையாகக் கேட்டிருக்க முடியாது. இரண்டே முறை மேடையேறி நின்றுபோன அந்த நாடகத்தின் பிரதி தொலைந்துவிட்டதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 2005இல் ஹல் நகரப் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் அது கண்டெடுக்கப்பட்டு, 2013இல் நூலாக வெளிவந்தது.

நாடகம் எழுதுபவர் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது. இந்த மனிதர் இந்தக் கணத்தில் ஏன் இதைச் செய்கிறார், இதைச் செய்யாமல் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதே அக்கேள்வி. 'பிளாக் ஜேக்கபின்ஸ்' நூலின் பிற்பகுதியை மீண்டும் புரட்டிப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர்களின் அன்பைப் பெற்றிருந்த தம் வளர்ப்பு மருமகன் மொயீஸைச் சுட்டுக்கொல்ல டூசான் ஆணையிடுகிறார்; தாம் ஏன் வெள்ளைத் தோட்ட முதலாளிகளோடு இணக்கம் காண்கிறார் என்பதை மக்களிடம் விளக்காமலே விடுகிறார்; பிறகு பிரெஞ்சுக்காரர்களால் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு, 1803 ஏப்ரலில் ஜூரா மலைக் கோட்டையில் குளிரில் இறக்கிறார். இந்த வீழ்ச்சியை ஜேம்ஸ் துரோகம் என்றும் எழுதவில்லை, விதி என்றும் எழுதவில்லை. துன்பியல் நாடகத்தின் நாயகன் தன் பெருமைக்குக் காரணமான அதே பண்பால் அழிவதைப் போலவே, மக்களை வழிநடத்தும் ஆற்றல் படைத்தவர் மக்களிடமிருந்து விலகியதால் விழுந்ததை அவர் படிப்படியாகக் காட்டுகிறார். காப்பக ஆவணங்களை மட்டும் படித்தவருக்கு இது கைகூடியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆய்வுக்காக அவர் பாரிஸ் சென்றதும், இங்கிலாந்தின் நெல்சன் நகரத்து நண்பர் ஒருவர் பணம் கொடுத்து உதவியதால்தான். அங்கே ஹெய்ட்டியைச் சேர்ந்த படை அதிகாரியும் வரலாற்றாசிரியருமான நெமூர், ஒரு பெரிய மேசையின் மேல் புத்தகங்களையும் காப்பிக் கோப்பைகளையும் நகர்த்தி வைத்து, எந்தப் போர் எப்படி நடந்தது என்று அவருக்கு விளக்கினாராம். அந்நூலின் போர்க்காட்சிகளில் தென்படும் தெளிவுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

மூன்றாவது ஸ்லிப் எழுதியது:

நாடகத்தைப் பற்றி மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். ஆனால் ஜேம்ஸ் சமூகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட முதல் இடம் அரங்கம் அன்று, மைதானம்.

துனபூனா ஊரில் அவர் வளர்ந்த வீட்டின் சன்னல் கிரிக்கெட் மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது. ஆறு வயதுச் சிறுவன் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றால் மாலைப் பயிற்சி முழுவதையும் காணலாம். அங்கிருந்தே சன்னல் திண்டில் ஏறி எட்டினால் அலமாரியின் மேலிருந்த புத்தகங்களும் கைக்கு எட்டும். 1963இல் வெளிவந்த அவருடைய கிரிக்கெட் நூலான 'பியாண்ட் எ பவுண்டரி' இந்தச் சன்னலில்தான் தொடங்குகிறது. அம்மைதானத்தில் மேத்யூ பாண்ட்மன் என்றொருவர் ஆடுவார். செருப்பில்லாத கால், வேலையில்லாத பொழுது, வாயைத் திறந்தால் வசைச்சொல். ஜேம்ஸின் பாட்டியும் அத்தையும் அவரைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். அதே மனிதர் மட்டையைப் பிடித்துவிட்டால் ஊரே ரசித்துப் பார்க்கும். ஒழுங்கற்றவர் என்று மேல்தட்டினர் ஒதுக்கிய ஒருவரிடம் இத்தகைய அழகு எங்கிருந்து வந்தது என்ற அச்சிறுவனின் குழப்பத்தையும், எழுத்தறிவற்ற அடிமைகள் ஐரோப்பாவின் தலைசிறந்த படைகளை வீழ்த்தும் ஒழுங்கை எங்கிருந்து பெற்றனர் என்ற வரலாற்றாசிரியரின் கேள்வியையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன்.

இளைஞரானபோது எந்தக் கிளப்பில் சேர்வது என்ற சிக்கல் அவருக்கு எழுந்தது. அன்றைய டிரினிடாடில் கிளப்புகள் தோல் நிறத்தின்படியும் வர்க்கத்தின்படியும் பிரிந்திருந்தன. குயின்ஸ் பார்க் வெள்ளையருக்கும் செல்வர்களுக்கும் உரியது; மேப்பிள் வெளிர்நிற நடுத்தர வர்க்கத்தினருக்கு; ஷானன் கறுப்பினக் கீழ் நடுத்தர வர்க்கத்தினருக்கு; ஸ்டிங்கோ உழைக்கும் மக்களுக்கு. கருநிறத்தவரான ஜேம்ஸ், தாம் படித்த கல்லூரியின் செல்வாக்கால், மேப்பிளில் சேர்ந்தார். லியரி கான்ஸ்டன்டைன், வில்டன் செயின்ட் ஹில் போன்ற ஆட்டக்காரர்கள் ஆடிய ஷானனை விட்டு விலகிய அம்முடிவு தம் அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் தாமதப்படுத்தியது என்று பின்னாளில் அவரே எழுதினார். நூலகவாசி அவர்களே, நீங்கள் படித்த நூலின் இரண்டாம் அத்தியாயத்தில், சான் டொமாங்கில் வெள்ளை–கறுப்புக் கலப்பினரை 128 பிரிவுகளாக வகுத்திருந்த கொடுமையைப் பற்றி ஒரு பகுதி வரும். அதில் தெரியும் கசப்பும் எள்ளலும் காப்பகத்தில் கிடைத்தவை அல்ல. கிளப் உறுப்பினர் பட்டியலில் கிடைத்தவை.

1932இல் அவர் இங்கிலாந்து சென்றதும் கிரிக்கெட் வழியாகத்தான். லங்காஷயரில் நெல்சன் என்ற நெசவாலை நகரின் அணிக்குத் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த லியரி கான்ஸ்டன்டைன் அவரை வரவேற்றுத் தம் வீட்டில் தங்கவைத்தார். கான்ஸ்டன்டைனின் தன்வரலாற்றை எழுதுவதில் ஜேம்ஸ் துணைநின்றார். மான்செஸ்டர் கார்டியன் நாளிதழுக்கு ஆட்டங்களைப் பற்றி எழுதிக் கிடைத்த வருவாய், அரசியல் வேலைக்கும் ஆய்வுக்கும் இடம் தந்தது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது 1960ஆம் ஆண்டு நிகழ்வு. அப்போது டிரினிடாடுக்குத் திரும்பியிருந்த அவர், அந்நாட்டின் ஆட்சித் தலைவராக இருந்த எரிக் வில்லியம்ஸின் கட்சி ஏடான 'தி நேஷன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். அவ்வாண்டு ஜனவரியில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்டில், உள்ளூர் ஆட்டக்காரர் சரண் சிங் ரன் அவுட் ஆனதும் பார்வையாளர்கள் பாட்டில்களை வீசி ஆட்டத்தை நிறுத்தினர். மற்றவர்கள் அதைக் கும்பலின் காலித்தனம் என்றபோது, ஜேம்ஸ் அதில் நீண்டகால மனக்கசப்பைக் கண்டார். மேற்கிந்தியத் தீவுகளின் அணியை ஒரு முழுத் தொடருக்கு எந்தக் கறுப்பினத்தவரும் அதுவரை வழிநடத்தியதில்லை. ஃபிராங்க் வொரெல்லைத் தலைவராக்க வேண்டும் என்று அவர் தம் ஏட்டில் ஓயாமல் எழுதினார். வொரெல் 1960–61இல் ஆஸ்திரேலியாவுக்கு அணியை அழைத்துச் சென்றதும், பிரிஸ்பேனில் டெஸ்ட் வரலாற்றின் முதல் 'டை' நிகழ்ந்ததும், மெல்போர்ன் மக்கள் தெருவில் திரண்டு அவ்வணியை வழியனுப்பியதும் நம்மில் பலர் அறிந்தவை. ஒரு வரலாற்றாசிரியர் தம் கண்முன் வரலாறு நகர்வதற்கு நேரடியாகக் கைகொடுத்த தருணம் அது. அதை நீங்கள் பொழுதுபோக்குப் பட்டியலில் சேர்க்க முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சமூக வரலாற்றை எழுதிய பேரறிஞர்கள், அந்நாட்டில் அன்று மிகப் பலர் அறிந்திருந்த மனிதரான கிரிக்கெட் ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸின் பெயரை ஒருமுறைகூடக் குறிப்பிடவில்லை என்று ஜேம்ஸ் சாடுகிறார். மக்கள் ஓய்வுநேரத்தில் எதை விரும்பினார்கள் என்று கேட்காத வரலாறு மக்களின் வரலாறாக முடியுமா என்ற அந்தச் சாடல், பல்கலைக்கழகத்தில் இருந்த இடதுசாரிகளையும் விட்டுவைக்கவில்லை.

பழைய தோழர் எழுதியது:

இருவரும் எழுதியவை அழகாக உள்ளன. ஆனால் நூலகவாசி கேட்ட இரண்டாம் கேள்வியை இருவருமே தாண்டிச் சென்றுவிட்டீர்கள். இழப்பு என்று எதுவுமே இல்லையா?

'பிளாக் ஜேக்கபின்ஸ்' வெளிவந்தபோது ஜேம்ஸுக்கு 37 வயது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு வாழ்ந்தார். அதற்கு இணையான இன்னொரு வரலாற்று ஆய்வு நூல் அவரிடமிருந்து வரவில்லை. 1938இல் அமெரிக்கா சென்று, 15 ஆண்டுகள் பெரும்பாலும் மாற்றுப் பெயர்களில், ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியைப் பின்பற்றிய, சில நூறு பேருக்கு மேல் எட்டாத குழுக்களின் உள்விவாதங்களில் செலவிட்டார். அமெரிக்கப் பண்பாட்டைப் பற்றி 1950 வாக்கில் எழுதிய பெரிய கையெழுத்துப் பிரதி, அவர் இறந்த பிறகு 1993இல்தான் அச்சேறியது. தன்வரலாற்றை அவர் முடிக்கவே இல்லை. 1952இல் குடியேற்றத் துறை அவரை எல்லிஸ் தீவில் அடைத்து வைத்தபோது அங்கேயே மெல்வில் ஆய்வை எழுதினார் என்பது வீரக்கதைதான். மெல்வில்லின் நாவலில் வரும் திமிங்கல வேட்டைக் கப்பலின் பல தேச மாலுமிகளிடம் அவர் கண்ட உழைப்பாளர் தோழமையைப் படிக்கும்போது எனக்கும் மெய்சிலிர்த்தது. எனினும் அந்நூல், தம்மை நாடு கடத்தக்கூடாது என்று அமெரிக்க அரசிடம் முறையிடும் மனுவாகவும் எழுதப்பட்டது; மறு ஆண்டே அவர் வெளியேற நேர்ந்தது. நிறுவனப் பாதுகாப்பு இல்லாத அறிஞர் தம் எழுத்தைத் தம் பிழைப்புக்கும் கேடயமாக்க வேண்டியிருந்தது என்பதை நாம் காதல்மயமாக்கக் கூடாது. அவருடைய சுதந்திரத்துக்கான விலையில் ஒரு பங்கை நண்பர்களும் தோழர்களும் அவர் வாழ்வில் இருந்த பெண்களும் செலுத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிரிக்கெட்டைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் 1950 வாக்கில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றது அம்பலமானபோது ஜேம்ஸ் அதிர்ந்துபோனார். அவருடைய இளம் தோழர்களோ, அம்மாணவர்கள் கல்லூரிக்கு ஏன் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள். நடுவரின் தீர்ப்பை முணுமுணுக்காமல் ஏற்க வேண்டும் என்று ஆங்கிலேய உயர்குடிப் பள்ளிகள் வகுத்த ஒழுக்கநெறி, பேரரசையே எதிர்த்த ஒரு மார்க்சியரின் நெஞ்சில் கடைசிவரை அசையாமல் நின்றது. அதை அவர் மறைக்கவில்லை என்பது பாராட்டத்தக்கது. ஆனால் மைதானம் அவருக்குக் கண்ணைத் திறந்ததைப் போலவே ஒரு பக்கம் கண்ணைக் கட்டியும் விட்டது.

நூலகவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பழைய தோழர் அவர்கள் சுட்டிய விலையை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன்: 'பிளாக் ஜேக்கபின்ஸ்' எழுதிய பிறகு அவர் அப்பொருளை முற்றிலும் விட்டுவிட்டாரா?

அரங்கமேடை எழுதியது:

விடவில்லை; பழைய தோழரின் கணக்கில் விடுபட்டதும் அதுதான். 1963இல் வந்த மறுபதிப்பில் டூசானிலிருந்து காஸ்ட்ரோ வரையிலான கரீபிய வரலாற்றைப் பற்றிய நீண்ட பின்னிணைப்பைச் சேர்த்தார். டூசானின் துன்பியலைப் பற்றிய சில பத்திகளையும் புதிதாக எழுதினார். 1967இல் நைஜீரியாவின் இபாதான் நகரில், முற்றிலும் திருத்தி எழுதப்பட்ட நாடகம் மேடையேறியது. அதற்குள் ஆப்பிரிக்க நாடுகள் பல விடுதலை பெற்றிருந்தன. அந்நாடுகளின் புதிய தலைவர்கள் சிலர் மக்களிடமிருந்து விலகிச் செல்வதையும் ஜேம்ஸ் பார்த்திருந்தார். அவருடைய பழைய நண்பர் எரிக் வில்லியம்ஸின் அரசு, 1965இல் கிரிக்கெட் செய்தி எழுத டிரினிடாடுக்கு வந்த அவரை வீட்டுக்காவலில் வைத்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். அதனால் 1936இல் டூசானைச் சுற்றியே இயங்கிய மேடை, 1967இல் மொயீஸுக்கும் பெயரற்ற அடிமைகளுக்கும் அதிக இடம் தந்தது.

1971இல் அட்லாண்டாவில் ஆற்றிய உரைகளில், அந்நூலை மீண்டும் எழுதினால் எப்படி எழுதுவேன் என்பதையே அவர் ஒரு பொருளாக எடுத்துக்கொண்டார். தலைவரை விட்டுச் சாதாரண அடிமைகளிடம் செல்ல வேண்டும், அவர்கள் பேசியதும் செய்ததும் ஆவணங்களில் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேட வேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு. அதை அவர் முதலில் செய்து பார்த்த இடம் நாடகமேடை. இன்னும் பின்னோக்கிச் சென்றால், டிரினிடாடில் இருந்தபோதே எழுதி 1936இல் வெளிவந்த 'மின்டி ஆலி' நாவலில், படித்த நடுத்தர வர்க்க இளைஞனான ஹெயின்ஸ், வாடகைக்கு எடுத்த அறையின் சுவரிலிருந்த துளை வழியாக முற்றத்து ஏழை மக்களின் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நூலகவாசி அவர்களே, அடுத்ததாக அந்நாவலை எடுங்கள். பின்னர் 1936, 1967 ஆகிய இரண்டு நாடகப் பிரதிகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.