அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

சமாதானபுரத்தார் (கேள்வி):

என் மகன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஆன் ஆர்பர் என்னும் ஊரில், முதுகலை படிக்கிறான். ஆகஸ்ட் இறுதியில் பருவம் தொடங்கியதிலிருந்து சனிக்கிழமை இரவானால் அவனைப் பேச்சுக்குப் பிடிக்க முடிவதில்லை. பல்கலைக்கழக அணியின் ஆட்டம் என்கிறான். ஊரில் இருந்தவரை கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பாராதவன், இப்போது ‘மூன்றாவது டவுன்’, ‘பன்ட்’ என்று எனக்கு விளங்காத சொற்களில் பேசுகிறான். அவனோடு பேச்சுக் கொடுப்பதற்காகவாவது இந்த ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று இணையத்தில் கிடைத்த சில ஆட்டங்களைப் பார்த்தேன். ஒருவர் பந்தை வாங்குகிறார், உடனே பத்துப் பேர் அவர்மேல் விழுகிறார்கள், நடுவர் ஊதுகிறார், எல்லாரும் கூடிப் பேசுகிறார்கள், மறுபடியும் அதுவே நடக்கிறது. இப்படி நின்று நின்று போகும் ஆட்டத்தில் சுவை எங்கே இருக்கிறது?

அதைவிட வியப்பு, கூட்டம். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நம் கல்லூரி அணிகள் மோதும் கால்பந்தை நான் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விடுதி மாணவர்களும் என்னைப் போன்ற சில பழைய ஆட்களும்தான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். அங்கே மாணவர்கள் ஆடுவதைக் காண லட்சம் பேர் வருகிறார்கள் என்றால் அது எப்படி? இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். திரையில் புல்தரையின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு தெரிகிறது. ஆட்டக்காரர்கள் ஓடி வந்தால் கோடு அவர்கள் காலுக்கு அடியில் போய்விடுகிறது; அடுத்த முறை வேறோரிடத்தில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், ஆட்டத்தைவிட அந்தக் கோட்டைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வள்ளியூரான்:

அண்ணாச்சி, நம் ஊர்க் கால்பந்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது நின்று நின்று போவதாகத்தான் தோன்றும். சடுகுடுவை மனத்தில் வைத்துப் பாருங்கள். அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனைத் தந்த பகுதி நம்முடையது. ஒரு மூச்சுக்குள் ஒருவர் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்புவதற்குள் எத்தனை கணக்குகள் ஓடுகின்றன என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை பாடிப் போவதும் தனி ஆட்டம். அமெரிக்கக் கால்பந்திலும் அப்படித்தான். சில விநாடிகளில் முடியும் தனித்தனி முயற்சிகளின் தொடர்ச்சி அது. இடையில் வரும் நிறுத்தம் ஓய்வன்று. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று இரு பக்கமும் எதிராளியின் மனத்தைக் கணித்துத் தீர்மானிக்கும் நேரம் அது.

விதி இவ்வளவுதான். மைதானம் 100 யார்டு நீளம், பக்கத்துக்குப் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு, அதாவது ஏறக்குறைய 9 மீட்டர், முன்னேற வேண்டும். அந்த முயற்சியைத்தான் டவுன் என்கிறார்கள். முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அதனால்தான் நான்காவது டவுனில் பெரும்பாலும் பந்தை ஓங்கி உதைத்துத் தொலைவில் அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் மகன் சொல்லும் பன்ட் அதுவே. பந்தோடு எல்லைக்கோட்டுக்கு அப்பால் போனால் டச்டவுன், 6 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 1. எல்லை எட்டாது என்று தெரிந்து அங்கிருந்தே கம்பங்களுக்கு இடையில் உதைத்து எடுப்பது 3.

தொடங்குகிறவர்கள் பந்தைப் பின்தொடர வேண்டாம் என்பது என் யோசனை. பந்து எங்கே என்று பெரும்பாலும் தெரியாது. ஒளித்து வைப்பதே அவர்கள் வித்தை. மூன்றாவது டவுன் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். இன்னும் 2 யார்டு தேவையென்றால் ஓடுவார்கள், 8 யார்டு தேவையென்றால் வீசுவார்கள் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை ஓர் அணி எப்போது முறிக்கிறது என்பதில்தான் எனக்கு ருசி.

குற்றாலச் சாரல்:

கூட்டத்தைப் பற்றிய கேள்விக்கு என்னால் சொல்ல முடியும்; வேலை நிமித்தமாக நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரில் இருந்திருக்கிறேன். அந்த மாநிலத்தில் தேசியத் தொழில்முறைக் கூட்டமைப்பின் (என்.எஃப்.எல்.) அணி கிடையாது. அலபாமா, அயோவா, ஓக்லஹோமா ஆகியவற்றிலும் கிடையாது. ஆகவே மாநிலப் பல்கலைக்கழகத்தின் அணிதான் மாநிலத்துக்கே அணி. அங்கே படித்தவர், படிக்காதவர், டிராக்டர் ஓட்டுகிறவர் எல்லாருக்கும் அதுவே. லிங்கன் அரங்கில் 1962 முதல் ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்கும் சீட்டு முழுவதும் விற்றுத் தீர்ந்ததாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் போகும் மிச்சிகன் அரங்கம் 1927-இல் திறக்கப்பட்டது. 1,07,601 பேர் அமரலாம். ஆன் ஆர்பரின் மக்கள்தொகையே 2020 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1,24,000தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வரலாற்றில் முந்தி வந்ததும் கல்லூரி ஆட்டமே. ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதிய முதல் ஆட்டம் 1869-இல் நடந்தது. அன்று பக்கத்துக்கு 25 பேர், பந்தைக் கையில் ஏந்தி ஓடக் கூடாது. இன்றைய தொழில்முறைக் கூட்டமைப்பு பிறந்தது 1920-இல். அதற்குள் அரை நூற்றாண்டுப் பழக்கமும் பகையும் கல்லூரிகளுக்கிடையே ஊறிப்போயிருந்தன.

ஆனால் பழமை மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை. கல்லூரி ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் கையில் வைத்திருந்து, ஓர் அணி எத்தனை முறை தொலைக்காட்சியில் தோன்றலாம் என்று கட்டுப்படுத்தி வந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது. அன்றிலிருந்து பல்கலைக்கழகங்களும், தமக்குள் ஆடிக்கொள்ள அவை சேர்ந்து அமைத்த கூட்டணிகளும் தாமே உரிமையை விற்கின்றன. பணம் போகும் திசையில் கூட்டணிகளும் போகின்றன: 2024 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்கள் நியூ ஜெர்சிப் பல்கலைக்கழகத்தோடு ஒரே கூட்டணியில் இருக்கின்றன. நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணி ஒரு வட்டார ஆட்டத்துக்காகக் காஷ்மீர் வரை போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதையும் தாண்டும் தூரம் அது.

கொக்கிரகுளம்:

சார், மஞ்சள் கோட்டைக் கவனித்ததற்கு என் வணக்கம். தொலைக்காட்சி வரைகலை வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தரையில் அப்படி எதுவும் வரைந்திருக்காது. அரங்கில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. அவர்கள் ஓரத்தில் நிறுத்தப்படும் கம்பங்களையும் அவற்றை இணைக்கும் சங்கிலியையும் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். முதல் டவுன் மறுபடியும் கிடைக்க எதுவரை போக வேண்டும் என்பதைக் காட்டும் அந்தக் கோடு, 1998 செப்டம்பரில் ஒரு தொழில்முறை ஆட்டத்தின் ஒளிபரப்பில் முதன்முதலாக வந்தது.

மைதானம் நமக்குத் தோன்றுவதுபோலத் தட்டையன்று. மழைநீர் வடிய நடுவில் சற்று உயர்த்தியிருப்பார்கள். எனவே ஆட்டத்துக்கு முன்பே தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து கணினியில் முப்பரிமாண மாதிரியாக ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு கேமராவின் தாங்கியிலும், அது எந்தப் பக்கம் எத்தனை பாகை திரும்புகிறது, எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு நெருக்கிக் காட்டுகிறது என்பதை இடைவிடாமல் சொல்லும் உணரிகள் இருக்கும். இவற்றை வைத்து, அந்தக் கோணத்தில் உண்மையாகவே கோடு இருந்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒவ்வொரு படச்சட்டத்திலும் கணினி வரைகிறது. ஆட்டக்காரர் காலுக்கு அடியில் போவது நிறத்தால். புல்லின் பச்சையில் எந்தெந்தச் சாயல்கள்மீது வரையலாம், சட்டையின், தோலின், பந்தின் எந்த நிறங்கள்மீது வரையக் கூடாது என்று இரண்டு பட்டியல்கள் கொடுக்கப்படுகின்றன. வெயில் சாய்ந்து நிழல் ஏறினால் பட்டியலை ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும். பனி பெய்து தரை வெளுத்துவிட்டாலும் சேறு பூசிச் சட்டை நிறம் மாறினாலும் பாடுதான்.

கருவிகளில் இன்னொரு கதையும் இருக்கிறது, அது உங்கள் மகனுக்குப் பிடிக்காமல் போகலாம். தொழில்முறை ஆட்டத்தில் பயிற்சியாளர் தலைக்கவசத்துக்குள் வானொலி வழியே பேசத் தொடங்கி நெடுங்காலமாகியும் கல்லூரிகளில் அதற்கு அனுமதி இல்லாமலே இருந்தது. ஓரத்தில் நின்று கைச்சைகையாலும் படம் ஒட்டிய அட்டைகளாலும் உத்தியைச் சொல்லி வந்தார்கள். எதிரணியின் சைகையை ஆட்டத்தின்போது பார்த்து ஊகிப்பது குற்றமன்று. முன்கூட்டியே அவர்கள் ஆட்டங்களுக்கு ஆளனுப்பி வேவு பார்ப்பது குற்றம். மிச்சிகன் அணி ஊழியர் ஒருவர் அப்படி ஆட்களை அனுப்பிப் படமெடுக்க வைத்த விவகாரம் 2023-இல் வெடித்தது. தலைமைப் பயிற்சியாளர் மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டார். அந்தப் பருவத்திலேயே அந்த அணி தேசியப் பட்டத்தையும் வென்றது. 2024 முதல் உயர்மட்டக் கல்லூரி ஆட்டங்களில் களத்தில் ஒருவரின் தலைக்கவசத்துக்கு மட்டும் வானொலி உண்டு. அடுத்த முயற்சியைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடிகள் எஞ்சும்போது அது துண்டிக்கப்படும், அதற்குமேல் அவர் தம் மூளையை நம்ப வேண்டியதுதான். இந்தப் பதினைந்து விநாடி விதியை யோசித்தவரை எனக்குப் பிடிக்கும்.

மேலப்பாளையத்தார்:

எல்லாரும் ஆட்டத்தின் அழகையே பேசுகிறீர்கள். நான் மருத்துவத் துறையில் இருப்பவன். எனக்கு அதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கும். மோதலில் மூளை மண்டைக்குள்ளேயே முன்னும் பின்னும் அசைந்து அடிபடுவதைத் தடுக்காது. மயக்கம் வராத சிறு அடிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மூளையைச் சிதைக்கும் நோயோடு தொடர்புடையவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நோயை இறந்தபின் மூளையை ஆராய்ந்துதான் இன்றும் உறுதிப்படுத்த முடிகிறது. 1905-இல் களத்தில் மாணவர்கள் பலர் இறந்துபோக, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறுஆண்டே பந்தை முன்னோக்கி வீசுவது சட்டமாக்கப்பட்டது. தலையைக் குறிவைத்து மோதுகிறவரை வெளியேற்றும் விதி கல்லூரி ஆட்டத்தில் 2013-இல்தான் வந்தது.

சாரல் சொன்ன பணத்திலும் ஒரு பாதியை விட்டுவிட்டார். பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுகிறவர்களில் மிக அதிகமாக வாங்குபவர் ஏதேனும் ஓர் அணியின் பயிற்சியாளராக இருக்கையில், ஆடிய பையனுக்குப் படிப்புச் செலவைத் தவிர ஒரு காசு கொடுப்பதும் நெடுங்காலம் குற்றமாக இருந்தது. தன் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் விட்டார்கள். பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம் என்பது 2025-இல் வந்தது. இதை ஏழை மாணவர்களுக்குக் காட்டிய கருணை என்று யாரும் சொல்ல வேண்டாம். நீதிமன்றத்தில் தோற்று, தோற்றுக் கொடுத்தது.

குற்றாலச் சாரல்:

மருத்துவர் சொன்ன இரண்டையும் மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பணம் கைக்கு வந்தபின் ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு கல்லூரியாக மாறிக்கொண்டிருப்பதால், நெப்ராஸ்காவில் நான் அறிந்த பெரியவர்கள் தங்கள் அணியில் பாதிப் பேரின் பெயர் தெரியவில்லை என்று குறைப்படுகிறார்கள். ஆடுபவனுக்கு நியாயம் கிடைத்திருக்கிறது. பார்ப்பவனுக்குப் பழக்கம் போயிருக்கிறது. முதலாவதுதான் பெரிது என்றே நினைக்கிறேன்.

சமாதானபுரத்தார்:

அனைவருக்கும் நன்றி. கோட்டின் விளக்கம் என் பழைய வகுப்பறைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. மருத்துவரின் கவலையை மகனிடமும் பேசுவேன். அவன் பார்வையாளன் மட்டுமே என்பதில் எனக்குச் சற்று நிம்மதி. ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து முழுதாகப் பார்ப்பதென்றால் எதைச் சொல்வீர்கள்? இரவு வெகுநேரம் விழித்திருக்க என்னால் ஆகாது.

வள்ளியூரான்:

நவம்பர் இறுதிச் சனிக்கிழமை மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியும் மோதும், அண்ணாச்சி. 1897-இல் தொடங்கிய பகை. அது வழக்கமாக அவர்களுக்கு நண்பகல் ஆட்டம்; கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் அப்போது அங்கே முடிந்திருக்கும் என்பதால் நமக்கு இரவு பத்தரை. மூன்றரை மணி நேரம் போகும், ஆகவே முதல் பாதியைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர், அக்டோபரில் நண்பகல் ஆட்டங்கள் நமக்கு ஒன்பதரைக்கே தொடங்கும். அவர்கள் மாலை ஏழரைக்குத் தொடங்குவது மட்டும் நமக்கு ஞாயிறு விடியற்காலை ஐந்து மணி; நடைப்பயிற்சிக்கு எழுகிறவர் என்றால் அதுவே உங்களுக்கு வசதி.