நாயா நண்டா? கொரிய மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சியோலில் முதியவர்களின் நினைவாற்றல் ஆய்வு ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகள், ‘கியோக்’ என்ற கொரிய எழுத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை என்று சொல்லச் சொல்லி, கணினியே மதிப்பெண் போட வேண்டும்.

எழுத்துச் சோதனை சுலபம். ஹங்குல் (கொரிய எழுத்துமுறை) அசையின் யூனிகோட் எண்ணில் 44032-ஐக் கழித்து 588-ஆல் வகுத்தால், ஈவே முதல் மெய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். உயிரை வாங்குவது விலங்குச் சோதனைதான். நாயும் நண்டும் இன்று பெரும்பாலானோர் வாயில் ஒரே ‘கே’, எழுத்தில்தான் வேறு. ஒரு பாட்டி நாய், பூனை என்று தொடங்கி, இறால், கணவாய், ‘கே’ என்று கடலுக்குள் போனார். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் மறுபடி நாய் என்று எழுதி, ‘திரும்பச் சொன்னார்’ என ஒரு மதிப்பெண்ணை வெட்டிவிட்டது. பாவம் பாட்டி! புலியை வட்டார வழக்கில் ‘ஹொரேங்கி’ என்றதும் அதுவும் கணக்கில் சேராமல் போச்சு.

பக்கத்துச் சொற்களை வைத்து இதைப் பிரித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வட்டாரச் சொற்பட்டியலை எப்படிச் சேர்த்தீர்கள்? ஒலிப்பதிவைப் பகிர அனுமதியில்லை. மாதிரிப் பட்டியல் தயாரித்துத் தருகிறேன்.