சீசன் கடைசியில் சறுக்கல்: எங்க காலேஜ் ஹாக்கி டீம் பிளேஆஃப்ல தேறுமா?

பனிமூட்டை:

வணக்கம் மக்களே. ஐஸ் ஹாக்கி பத்தி தமிழ்ல புலம்ப எனக்குத் தெரிஞ்ச ஒரே இடம் இதுதான். நான் படிக்கிறது சி.சி.எச்.ஏ-ங்கிற அமெரிக்க காலேஜ் ஹாக்கி கான்ஃபரன்ஸ்ல (லீக் மாதிரி) ஆடுற ஒரு காலேஜ்ல. எந்த காலேஜ்னு சொல்லலை. இந்த ஊர்ல இருக்கிற தமிழ்க் குடும்பங்களைக் கை விரல்லயே எண்ணிடலாம், எழுதினது யாருன்னு ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிடுவாங்க.

கிறிஸ்துமஸ் வரைக்கும் டீம் பட்டையைக் கிளப்பிச்சு. ஜனவரி கடைசியில ஆரம்பிச்சது சனியன். வெள்ளிக்கிழமை ஜெயிச்சா சனிக்கிழமை தோல்வி, இல்லன்னா ரெண்டு நாளும் தோல்வி. போன சனிக்கிழமை முதல் பீரியட் (இருபது நிமிஷம், மொத்தம் மூணு) முடியும்போது ரெண்டு கோல் முன்னாடி இருந்தோம். நான் போய் காபி வாங்கிட்டு வர்றதுக்குள்ள சமன் ஆயிடுச்சு. மூணாவது பீரியட்ல ஒண்ணு வாங்கி, கடைசியில கோலியை (கோல் காக்கிறவனை) வெளிய எடுத்து ஒரு ஆட்டக்காரனைக் கூட இறக்கி, காலி நெட்ல இன்னொண்ணும் வாங்கிட்டு வீட்டுக்கு வந்தோம்.

இப்போ அஞ்சாவது இடம். அதனால முதல் சுற்றே வெளியூர்ல. என் ரூம்மேட் மினசோட்டாக்காரன், நாலு வயசுல ஸ்கேட் கட்டினவன். "முடிஞ்சு போச்சு, அடுத்த வருஷம் பாரு"ன்னு சொல்லிட்டான். சீசன் கடைசியில சொதப்பின டீம் மார்ச்ல எழுந்த கதை உண்டா? இல்ல நான்தான் ஆசையில உளர்றேனா?

கணக்குப்பிள்ளை:

எழுந்த கதை உண்டு, ஆனா உங்க டீம் நிலைமை வேற. முதல்ல கணக்கைப் பாத்துடுவோம்.

என்.சி.ஏ.ஏ டோர்னமெண்ட்ல, அதாவது காலேஜ் தேசியப் போட்டியில, 16 டீம். ஆறு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம். மீதி பத்தும் ரேட்டிங்படி. முன்னாடி பேர்வைஸ்னு ஒரு பட்டியல் இருந்துச்சு, 2025-26ல இருந்து என்.பி.ஐ. பேரும் சூத்திரமும் மாறினாலும் குணம் மாறலை: யாரோட ஆடின, எங்க ஆடின, எப்படி ஜெயிச்ச. வெளியூர் வெற்றிக்கு மதிப்பு கூட, ஓவர்டைம் வெற்றிக்கு 60 நிமிஷத்துல முடிச்ச வெற்றியைவிடக் குறைவு. "கடைசி பத்து மேட்ச் ஃபார்ம்"னு தனியா ஒரு கட்டமே கிடையாது. அக்டோபர் தோல்வியும் பிப்ரவரி தோல்வியும் ஒரே எடைதான். டிவியில மட்டும்தான் ஃபார்முக்கு மரியாதை.

சி.சி.எச்.ஏ-ல அஞ்சாவது இடம்னா அந்தப் பத்துல நீங்க இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அப்போ மிச்சம் ஒரே வழி, மேசன் கப், அதாவது சி.சி.எச்.ஏ பிளேஆஃப் கோப்பை. கால் இறுதி மூணுல ரெண்டு ஜெயிக்கணும், அது நாலாவது டீம் ரிங்க்ல. அப்புறம் அரை இறுதி ஒரே மேட்ச், இறுதியும் ஒரே மேட்ச், ரெண்டுமே மேல இருக்கிறவங்க ஊர்ல. மொத்தம் நாலு வெற்றி. கஷ்டம்தான், ஆனா நாலஞ்சு மேட்ச்தான்.

எழுந்தவங்க கதை கேட்டீங்களே. 2013 யேல் யூனிவர்சிட்டி. அவங்க கான்ஃபரன்ஸ் அரை இறுதியில யூனியன்கிட்ட 5-0, மறுநாள் மூணாவது இடத்துக்கு க்வினிபியாக்கிட்ட 3-0. ரெண்டு மேட்ச்ல ஒரு கோல்கூட இல்ல. மத்த கான்ஃபரன்ஸ் முடிவுகள் தயவுல உள்ள நுழைஞ்சாங்க. முதல் மேட்ச்லயே மினசோட்டாவை ஓவர்டைம்ல சாய்ச்சாங்க, ஓவர்டைம் ஆரம்பிச்சு 9 செகண்ட்ல கோல். பிட்ஸ்பர்க்ல நடந்த இறுதியில அதே க்வினிபியாக்கை 4-0. அந்த சீசன்ல அதுக்கு முன்னாடி மூணு தடவை அவங்ககிட்ட தோத்த டீம் அது.

2018 மினசோட்டா டுலூத் (மேல சொன்ன மினசோட்டா இல்ல, வேற டீம்) இன்னும் மோசம். கான்ஃபரன்ஸ் கடைசி வாரம் ரெண்டு மேட்சும் தோல்வி. ரேட்டிங்ல மினசோட்டாவைவிட 0.0001 முன்னாடி இருந்ததால உள்ள வந்தாங்க. அச்சுப்பிழை இல்ல, தசமத்துக்கு அப்புறம் மூணு சைபர். அப்புறம் நாலு மேட்சையும் ஒரு கோல் வித்தியாசத்துலயே ஜெயிச்சு கோப்பையோட போனாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, ரெண்டு டீமுக்கும் ரேட்டிங் கை கொடுத்துச்சு. அதாவது சீசன் முழுக்க சேர்த்து வச்சது இருந்துச்சு. உங்ககிட்ட அந்தச் சேமிப்பு இல்ல.

நாலாவது லைன்:

கோலிக்குச் சூடு ஏறிச்சுன்னா எல்லாம் நடக்கும். அவ்ளோதான் ஹாக்கி. மத்ததெல்லாம் பேச்சு.

பெட்டிக்கதவு:

நாலாவது லைன் தம்பி சொல்றது பாதி நிஜம். அந்த மீதிப் பாதியைப் பத்தித்தான் எழுத வந்தேன்.

நான் வேற ஒரு கான்ஃபரன்ஸ் காலேஜ் ரிங்க்ல பெனால்டி பாக்ஸ் கதவு திறந்து மூடுற வாலண்டியர். சம்பளம் கிடையாது, சத்தம் போடக் கூடாது, நம்ம டீம் கோல் போட்டாக்கூடக் கல்லு மாதிரி உட்காரணும். பக்கத்துல ஒரு பக்கெட்ல பக் (ஆடுற ரப்பர் வட்டு) எல்லாம் உறைய வச்சிருப்போம், குளிர்ந்தாத்தான் துள்ளாம வழுக்கும்னு. பெஞ்சு ரெண்டும் எனக்கு நேர் எதிர்ல. ஸ்டாண்ட்ல இருக்கிறவங்க பக்கைப் பாப்பாங்க. எனக்குக் கண்ணு தன்னால பெஞ்சுக் கதவுக்குத்தான் போகும், தொழில் அப்படி.

பனிமூட்டை, நீங்க காபி வாங்கப் போனது ரெண்டாவது பீரியட்ல. மத்த தோல்விகளையும் எடுத்துப் பாருங்க, கோல் வாங்கினது எந்தப் பீரியட்னு. எனக்கென்னவோ பாதிக்கு மேல அங்கதான் இருக்கும்னு தோணுது.

காரணம் லாங் சேஞ்ச், அதாவது ஆட்டம் நடக்கும்போதே ஆள் மாத்த ரொம்ப தூரம் போக வேண்டி வர்றது. முதல் பீரியட்லயும் மூணாவதுலயும் நம்ம கோலி நிக்கிற முனை நம்ம பெஞ்சுக்குப் பக்கம். டிஃபென்ஸ்மேன் களைச்சா நாலு எட்டுல உள்ள போயிடலாம். ரெண்டாவது பீரியட்ல முனை மாறிடும். இப்போ அவன் பெஞ்சுக்குப் போகணும்னா நடுக்கோடு தாண்டிப் போகணும். பக் நம்ம முனையில மாட்டிக்கிட்டு இருக்கும்போது போனா, பின்னாடி காலி. அதனால போக மாட்டான். நாற்பது செகண்ட்ல முடிய வேண்டிய ஷிப்ட் (ஒரு தடவை இறங்கி ஆடுற நேரம்) ஒரு நிமிஷத்தைத் தாண்டும். நான் பாத்திருக்கேன்: கால் ரெண்டும் அகலமா வச்சு, ஸ்டிக்கை முழங்காலுக்குக் குறுக்கே போட்டு, வாயில மவுத்கார்ட் தொங்க, பெஞ்சை ஏக்கமா ஒரு பார்வை. அந்தப் பார்வை வந்துடுச்சுன்னா அடுத்த இருபது செகண்ட்ல ஒண்ணு ஐசிங் (நம்ம பாதியில இருந்தே பக்கை எதிர்முனைக் கடைசி வரைக்கும் அடிச்சு விடுற தப்பு), இல்ல என் கதவுக்கு வேலை.

ஐசிங் பண்ணினா அதைவிடக் கொடுமை. ஐசிங் பண்ண டீம் ஆள் மாத்தக் கூடாது. அதே அஞ்சு பேரும் மூச்சு வாங்கிக்கிட்டே சொந்த முனையில ஃபேஸ்ஆஃப் (பக்கை நடுவுல போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குறது) எடுக்கணும், எதிர்ல புதுசா அஞ்சு பேர் இறங்குவாங்க. இல்லன்னா முடியாம ஸ்டிக்கை நீட்டி ஒருத்தனைக் கொக்கி போட்டு இழுப்பான், ரெண்டு நிமிஷம் என் பக்கத்துல வந்து உட்காருவான். அப்படி வர்ற பையன் முதல்ல செய்றது திட்டுறது இல்ல. தண்ணி பாட்டிலைத் தேடுறதுதான்.

நல்லா ஆடுற டீமும் இப்படித் திணறும். ஆனா டிசம்பர்ல இல்லாம பிப்ரவரியில ஏன் வருதுன்னா, பெரும்பாலும் டிஃபென்ஸ்ல ஒருத்தருக்கு அடிபட்டு, கோச் ஆறு பேருக்குப் பதிலா நாலு பேரை நம்பி ஓட்டும்போதுதான். உங்க டீம்ல அப்படி யாராவது வெளிய இருக்காங்களா?

சிலர் "பசங்களுக்கு சீசன் நீளம், களைச்சுட்டாங்க"ன்னு சொல்றாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. காலேஜ் ரெகுலர் சீசனுக்கு 34 மேட்ச்தான் உச்ச வரம்பு. 2025 ஆகஸ்ட்ல இருந்து கனடா சி.எச்.எல் (அங்கத்த ஜூனியர் லீக்) பசங்களும் காலேஜ்ல ஆடலாம்னு ஆயிடுச்சு, அங்க ஒரு சீசனுக்கு 60 மேட்ச்சுக்கு மேல. அதை ஆடிட்டு வந்தவனுக்கு இது ஒண்ணுமே இல்ல. களைப்பு சீசன்ல இல்ல, ஷிப்ட்லதான் இருக்கு.

நாலாவது லைன்:

அக்கா, நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா கோலி தடுத்துட்டா ஷிப்ட் ரெண்டு நிமிஷம் போனாலும் கவலை இல்லையே!

பெட்டிக்கதவு:

தடுத்துட்டு பக்கைத் திரும்ப முன்னாடியே விடுற கோலியும் இருக்கான், பிடிச்சு நிறுத்துற கோலியும் இருக்கான் தம்பி. பிடிச்சு நிறுத்தினா விசில் அடிப்பாங்க, ஆள் மாத்தலாம். அந்த ஒரு விஷயத்துக்காகவே பிளேஆஃப்ல நான் க்ளவ் நல்லா இருக்கிற கோலியைத்தான் எடுப்பேன், சேவ் பர்சென்டேஜ் (தடுத்த ஷாட் சதவீதம்) கொஞ்சம் குறைஞ்சாலும்.

பனிமூட்டை:

அக்கா, தலை சுத்துது. நேத்து ராத்திரி உட்கார்ந்து பாக்ஸ் ஸ்கோர் எல்லாம் எடுத்துப் பாத்தேன். நீங்க சொன்னது அப்படியே. ஜனவரிக்கு அப்புறம் வாங்கின கோல்ல ரெண்டாவது பீரியட்தான் முன்னணி, மத்த ரெண்டும் கிட்டக்கூட வரலை. ரெண்டாவது டிஃபென்ஸ் ஜோடியில ஒருத்தன் தோள்பட்டை அடிபட்டு ஜனவரியில இருந்து ஆடலை. அவன் மூணாவது வருஷப் பையன், பெரிய பேரு கிடையாது, கோலும் போட மாட்டான், அதனால நாங்க யாரும் அவனைக் கணக்குலயே எடுக்கலை. இந்த வாரம் பிராக்டிஸ்ல முழுசா ஸ்கேட் பண்ணான்னு உள்ளூர் பேப்பர்ல வந்திருக்கு.

கோலி விஷயம்: கோச் வெள்ளி ஒருத்தன், சனி ஒருத்தன்னு மாத்தி மாத்தி இறக்குறாரு. இது பிளேஆஃப்லயும் சரியா வருமா?

கணக்குப்பிள்ளை:

மூணு மேட்ச் சீரீஸ்ல மாத்தறது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை ஜெயிச்சவனை சனிக்கிழமை உட்கார வச்சா ரசிகர்கள் கோச்சை விடமாட்டாங்க.

இன்னொண்ணு. "ஃபார்ம்" இருந்தா போதும்னு நினைக்கிறவங்களுக்கு 2022 மினசோட்டா ஸ்டேட்டை (இது மூணாவது மினசோட்டா டீம், உங்க சி.சி.எச்.ஏ-தான்) ஞாபகப்படுத்தணும். அந்த வருஷம் அவங்களைவிட ஃபார்ம்ல யாரும் இல்ல. பாஸ்டன்ல நடந்த தேசிய இறுதியில மூணாவது பீரியட் ஆரம்பிக்கும்போது டென்வருக்கு எதிரா 1-0 முன்னாடி. முடியும்போது 5-1 தோல்வி. இருபது நிமிஷத்துல அஞ்சு கோல்.

பெட்டிக்கதவு:

அதே வருஷம் அதே டீமோட மேசன் கப் இறுதி இன்னும் ருசியான கதை. அவங்க ஊர் மான்கேட்டோல பெமிட்ஜி ஸ்டேட்டோட ஆடினாங்க. ஓவர்டைம்ல கோல், எல்லாரும் குதிச்சு, கைகுலுக்கி, கோப்பையும் வாங்கியாச்சு. அப்புறம் பாத்தா பக் முன்பக்கமா போகலை, நெட் தூக்கினதுல பக்கவாட்டுல அடியில நுழைஞ்சிருக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ரெண்டு டீமையும் திரும்ப உடுப்பு மாட்ட வச்சு ஐஸுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. மினசோட்டா ஸ்டேட் ரெண்டாவது தடவையா ஜெயிச்சாங்க. எனக்கு அந்த பெமிட்ஜி பசங்களை நினைச்சா இன்னும் பாவமா இருக்கும். ஜெயிச்சிருந்தா நேரடி இடம், தோத்தா சீசனே முடிஞ்சுது.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். அந்த டிஃபென்ஸ் பையன் திரும்பி வந்தா என் கணிப்பே மாறும். கால் இறுதியை நீங்க தாண்டலாம். நாலாவதும் அஞ்சாவதும் மோதும்போது ரெண்டு டீமுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அரை இறுதி ஒரே மேட்ச், அங்க நாலாவது லைன் தம்பி சொன்ன சூடான கோலி வேணும்.

ஒண்ணு மறக்காதீங்க. ரெகுலர் சீசன் ஓவர்டைம் மூணுக்கு மூணு, அஞ்சு நிமிஷம். பிளேஆஃப்ல அஞ்சுக்கு அஞ்சு, இருபது நிமிஷ பீரியடு, யாராவது கோல் போடற வரைக்கும். முனை திரும்ப மாறுறதால முதல் ஓவர்டைமும் லாங் சேஞ்ச்தான். 2015ல மாசசூசெட்ஸும் நோட்ரடாமும் அஞ்சாவது ஓவர்டைம் வரைக்கும் போனாங்க, 151 நிமிஷம் 42 செகண்ட். அந்த அஞ்சுல மூணு லாங் சேஞ்ச். அந்தக் கால்களை நினைச்சுப் பாருங்க.

வெள்ளிக்கிழமை போனீங்கன்னா ரெண்டாவது பீரியட்ல பக்கைப் பாக்காதீங்க. உங்க டிஃபென்ஸ் ஜோடி எப்போ வெளிய போகுதுன்னு மட்டும் பாருங்க. நடுக்கோட்டைத் தாண்டினதும் பக்கை ஆழமா எதிர்முனைக்குத் தள்ளிட்டு மாத்துறாங்கன்னா கோச் விஷயத்தைப் பிடிச்சுட்டார். அழகா பாஸ் போடப் பாத்து நீலக்கோட்டுல பக்கைத் தொலைக்கிறாங்கன்னா, உங்க ரூம்மேட் சொன்னதுதான்.

பனிமூட்டை:

அக்கா, ரொம்ப நன்றி. மூணு மணி நேர டிரைவ், மாணவர் பஸ்ல இடம் பிடிச்சாச்சு. ரூம்மேட்டும் வர்றான், "சும்மா வேடிக்கை பாக்க"ன்னு சொல்லிக்கிட்டு டீம் ஸ்வெட்டரைத் துவைச்சுக் காயப் போட்டிருக்கான். சனிக்கிழமை காலையில இங்க வந்து எழுதுறேன்.

நாலாவது லைன்:

காபியை முதல் இடைவேளையிலயே வாங்கிடு.